ஆறு சிவப்பு, ஐந்து வெள்ளை

சங்கு ஊதிவிட்டார்கள், கயிற்றை அவிழ்த்துப் படகுக்குள் எறிந்தும் விட்டார்கள், இனி இறங்க முடியாது. சின்னத் தீவிலிருந்து பெரிய தீவுக்கு ஒரு மணி ஐந்து நிமிடம், அலை இருந்தால் பத்து நிமிடம் கூடும், இன்று அலை இல்லை, கடல் துடைத்துக் கவிழ்த்த தட்டு மாதிரி கிடக்கிறது, அதனால் ஒரு மணி ஐந்து நிமிடம்தான். அவர் இடது பக்கப் பெஞ்சில், முன்னாலிருந்து மூன்றாவது இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். வானத்தில் ஒரு மேகம் இல்லை, ஆனாலும் மழைக்கோட்டை நான்காக மடித்து மடியில் வைத்திருக்கிறார். எண்பத்து நான்கு வயது இருக்கும். அவருக்கு இரண்டு பக்கமும் இடம் காலி. நிற்கிறவர்கள் இருக்கிறார்கள், கோழிக்கூடையைக் காலடியில் வைத்துத் தூணில் சாய்ந்திருக்கிற பெண் இருக்கிறாள், இருந்தும் அந்த இரண்டு இடமும் காலி. பார்க்கக் கூடாது என்று சன்னல் பக்கம் திரும்பினேன், கண்ணாடியிலும் அவர்தான் தெரிந்தார், கடலின் மேல் உட்கார்ந்திருப்பது போல. எவரார்ட் வீராசாமி. லிபரல் கட்சியின் கடைசித் தலைவர். தலைமையைத் திருடியவர் என்று ஊர் சொல்கிறவர். என் மடியில் இருக்கிற துணிப்பையில் அந்தக் கட்சியின் கூட்டக் குறிப்பு நோட்டு இருக்கிறது, பதினொரு மணிக்குப் பெரிய தீவுப் பல்கலைக்கழக நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும், அங்கே ஒரு பெண் கட்சியின் வரலாறு எழுதப்போகிறாளாம். நோட்டு முழுவதும் என் கையெழுத்து. அதில் எதுவும் பொய் இல்லை. எதுவும் பொய் இல்லை என்பதுதான் ஐம்பது வருடமாக என்னைத் தூங்கவிடாதது. அவரிடம் சொல்லிவிட வேண்டும், படகு கரை தொடுவதற்குள், நோட்டு என் கையை விட்டுப் போவதற்குள். எழுந்து எட்டடி வைத்தால் போதும். "மிஸ் ஐரிஸ், டிக்கெட்" என்றான் போய்சி, துளை போடுகிற கருவியைச் சொடுக்கிக்கொண்டே. "காலங்காத்தால சென்ட் எல்லாம் போட்டுக்கிட்டு எங்க கிளம்பிட்டீங்க, மாப்பிள்ளை பாக்கவா?" என்றான். "எழுபத்தாறு வயசுல மாப்பிள்ளை கிடைச்சா உன்னைத்தான் முதல்ல கல்யாணத்துக்குக் கூப்பிடுவேன், போ" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாய் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது.

சென்ட் இல்லை அது, யூகலிப்டஸ் தைலம், அலெய்ன் சார் கடையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கைக்குட்டையில் இரண்டு சொட்டு விட்டுக்கொள்கிற பழக்கம், அவர் போய் நாற்பத்தெட்டு வருடம் ஆகியும் விடவில்லை. லயனல் அலெய்ன் கறுப்பர், மருந்துக்கடை வைத்திருந்தார். டாக்டர் இல்லை, ஆனால் தீவில் பாதிப் பேர் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள், அவர் ஒவ்வொரு முறையும் "நான் டாக்டர் இல்லைம்மா" என்று திருத்துவார், திருத்தாமல் ஒரு முறைகூட விட்டதில்லை. கட்சியை அந்தக் கடையின் பின்னறையில்தான் தொடங்கினார், வெள்ளைக்காரன் கொடி இறங்குவதற்கு ஆறு வருடம் முன்பு. அப்போது தீவுகளில் இரண்டு கட்சிகள்தான். துறைமுகத் தொழிலாளர் கட்சி என்றால் கறுப்பர்கள், கரும்புத் தொழிலாளர் கட்சி என்றால் எங்களைப் போல இந்தியாவிலிருந்து கரும்பு வெட்டக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள். இரண்டிலும் சேராமல் பள்ளி ஆசிரியர்கள், ஒரு மருத்துவச்சி, சுங்க அலுவலக எழுத்தர் வீராசாமி, இப்படிப் பதினொரு பேர் கொண்ட செயற்குழு. எல்லா ஊரிலும் நூலகம் வேண்டும், விசாரணை இல்லாமல் யாரையும் உள்ளே வைக்கக் கூடாது, பத்திரிகைக்குப் பூட்டுப் போடக் கூடாது, இவைதான் எங்கள் கோரிக்கைகள். ஊர் எங்களை லைப்ரரிக் கட்சி என்று கேலி செய்தது. எங்கள் கூட்டத்துக்கு வருகிறவன் குடை கொண்டுவருவான், கல் கொண்டுவர மாட்டான் என்பார்கள். ஆனாலும் சட்டசபையில் மூன்று இடம் வைத்திருந்தோம். மூன்று இடம். அந்த மூன்றும் இல்லாமல் மற்ற இரண்டு கட்சியும் ஒரு சட்டம் நிறைவேற்ற முடியாமல் இருந்த காலம் ஒன்று இருந்தது என்று சொன்னால் போய்சி நம்புவானா, அவனுக்கு நாற்பது வயது, அவனுக்கு லிபரல் கட்சி என்பது பழைய கட்டடத்தில் வறுத்த கோழி விற்கிற கடையின் மாடிச் சுவரில் பாதி அழிந்த எழுத்து.

தலைவர் தேர்தல் வருடத்துக்கு ஒரு முறை. ரகசிய வாக்கு என்றால் ரகசியமாக இருக்க வேண்டும் என்பார் அலெய்ன் சார், காகிதத்தில் எழுதினால் கையெழுத்து காட்டிக் கொடுத்துவிடும், கையைத் தூக்கினால் சொல்லவே வேண்டாம். அதனால் விதைகள். குன்றிமணி எங்கள் பக்கத்து வேலிகளில் எல்லாம் கொடியாய் ஏறிக் கிடக்கும், சிவப்பில் கறுப்புப் பொட்டு, பேய் அண்டாது என்று குழந்தைகள் கையில் கோத்துக் கட்டுவார்கள். வெள்ளைக்கு ஓடைக்கரைப் புல்லில் காய்க்கிற ஒரு விதை, கண்ணீர்த்துளி வடிவம், பீங்கான் போல மினுங்கும். வெள்ளை அலெய்ன் சாருக்கு, சிவப்பு எதிர்த்து நிற்பவருக்கு. இரண்டையும் நான்தான் அந்தந்த வாரம் புதிதாகப் பறித்து வருவேன். ஆளுக்கு ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை. மேசை நடுவில் பழுப்பு நிற மருந்து ஜாடி, அதன் கழுத்தில் துணி சுற்றியிருக்கும், விழுகிற விதை தெரியாது. "குன்றிமணியை யாரும் வாயில் போட வேண்டாம், மென்றால் ஆள் பிழைப்பது கடினம்" என்று ஒவ்வொரு வருடமும் எச்சரிப்பார். மருத்துவச்சி மிஸஸ் போனபார்ட், "தலைவரே, தேர்தல்ல தோத்தா மெல்லுறதுக்குத்தான வெச்சிருக்கீங்க?" என்று ஒவ்வொரு வருடமும் கேட்பாள். எதிர்த்து நிற்க யாரும் இல்லாத தேர்தல் தேர்தலே இல்லை என்று அலெய்ன் சார் அடம்பிடிப்பதால் ஒவ்வொரு வருடமும் வீராசாமி நிற்பார், கடமைக்கு. பத்து வெள்ளை, ஒரு சிவப்பு. அந்த ஒரு சிவப்பு யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும், தனக்குத் தானே வாக்குப் போடுவது அநாகரிகம் என்று அலெய்ன் சார் சிவப்பைப் போடுவார். அதே காரணத்துக்காக வீராசாமி வெள்ளையைப் போடுவார். இருவரும் கை குலுக்கிக்கொள்வார்கள். பிறகு இஞ்சிக் கஷாயம். பத்துக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று, ஐந்து வருடம்.

"டேய், வீராசாமி பண்ணாதடா!" பின்பக்கம் மேல்தட்டுப் படிக்கட்டின் கீழே நான்கு பேர் கவிழ்த்த பெட்டி மேல் டொமினோ ஆடுகிறார்கள், கட்டையைப் பெட்டியில் அறைகிற சத்தம் எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்கிறது. "யாரு, நானா? என் கையில இருந்ததத்தான் போட்டேன்!" "கையில இருந்தது ஏழுல்ல, எட்டு எப்படி வந்துச்சு? சுத்த வீராசாமி வேலை!" சிரிப்பு. அவர்களில் ஒருவனுக்கும் முப்பது வயதுக்கு மேல் இராது. அவர்களுக்கு அது ஒரு சொல், அவ்வளவுதான், சீட்டில் திருட்டாட்டம், அளவையில் குறைப்பு, வரிசையில் இடையில் நுழைவது, எல்லாவற்றுக்கும் சின்னத் தீவில் அந்த ஒரு சொல்தான். அந்தச் சொல் நடந்து வந்து டிக்கெட் எடுத்துக்கொண்டு மூன்றாவது இடத்தில் உட்கார்ந்திருப்பது அவர்களுக்குத் தெரியாது. அவர் திரும்பவில்லை. மழைக்கோட்டை மட்டும் ஒரு முறை விரித்து மறுபடி மடித்தார், ஓரத்தோடு ஓரம் சேர்த்து, சுங்க எழுத்தரின் மடிப்பு. எட்டடிதான். எழுந்திரு ஐரிஸ். துணிப்பையின் காதைக் கையில் சுற்றிக்கொண்டேன்.

அந்த வருடம் மட்டும் அலெய்ன் சார் வாக்குப்பதிவுக்கு முன்பு பேசினார். சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி, கடையின் முன்கதவைச் சாத்தியிருந்தோம், சன்னல் பலகைகளின் இடுக்கு வழியே வெயில் கோடு கோடாக மேசை மேல் கிடந்தது, அது எனக்குத் துல்லியமாக நினைவிருக்கிறது, மிஸஸ் போனபார்ட்டின் மோதிரத்தில் ஒரு கோடு விழுந்திருந்தது. "பத்துக்கு ஒன்று என்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது" என்றார். "எதிர்க்கப் பயப்படுகிற கட்சி லிபரல் கட்சி இல்லை. ஒரு மூன்று, நான்கு சிவப்பாவது பார்க்க ஆசைப்படுகிறேன். என்னோடு உங்களுக்கு மனவேறுபாடே இல்லையா? நூலக விஷயத்திலாவது?" எல்லோரும் சிரித்தோம். நான் விதைகளைக் கொடுத்தேன். என் முறை வந்தபோது கையைத் துணிக்குள் விட்டு, வெள்ளையை விரலிடுக்கில் நிறுத்திக்கொண்டு, சிவப்பை விட்டேன். ஒன்றுதானே. மனுஷன் ஆசைப்பட்டுக் கேட்கிறார், கொட்டும்போது இரண்டு மூன்று சிவப்பைப் பார்த்தால் அவர் முகம் எப்படி மலரும் என்று நினைத்துக்கொண்டு விட்டேன், ஒரு குழந்தைக்கு மிட்டாய் கொடுக்கிற மாதிரி. எனக்கு இருபத்தாறு வயது. ஜாடியைத் தாம்பாளத்தில் கவிழ்த்தது நான்தான். எண்ணியதும் நான்தான். ஆறு சிவப்பு. ஐந்து வெள்ளை. மறுபடி எண்ணினேன். விதைகள் தாம்பாளத்தில் இன்னும் உருண்டுகொண்டிருந்தன, ஒன்று ஓரத்தில் சுற்றிச் சுற்றி வந்து நின்றது, சிவப்பு. அலெய்ன் சாருடையது ஒன்று, என்னுடையது ஒன்று, மீதி நான்கு யாருடையவை? என்னைப் போலவே மிட்டாய் கொடுக்க நினைத்த நான்கு பேரா, அல்லது உண்மையாகவே அவரை வேண்டாம் என்று நினைத்த நான்கு பேரா? இன்று வரை தெரியாது. எட்டுப் பேரும் ஒருவர் பின் ஒருவராகச் செத்துப்போனார்கள், ஒவ்வொருவர் சவ ஊர்வலத்திலும் நடந்தேன், ஒவ்வொரு பெட்டியையும் பார்த்து நீங்களா, நீங்களா என்று கேட்டுக்கொண்டே நடந்தேன். அலெய்ன் சார் எழுந்து வீராசாமியின் கையைக் குலுக்கினார். "வாழ்த்துகள், எவரார்ட்." முகம் மலரவும் இல்லை, வாடவும் இல்லை, மருந்துச் சீட்டைப் படிக்கிற முகம். தொப்பியை எடுத்துக்கொண்டு தன் கடைக்குள்ளிருந்து தானே வெளியே போனார், விருந்தாளி போல. யாரும் இஞ்சிக் கஷாயம் குடிக்கவில்லை.

திங்கட்கிழமைக்குள் ஊரில் கதை வந்துவிட்டது. வீராசாமி துறைமுகத்தில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி நான்கு பேரை வளைத்துவிட்டார். யார் சொன்னது? எல்லோரும் சொன்னார்கள். சுங்க அலுவலகம், துறைமுகம், சொந்தச் சாதிக்காரன் புத்தி, பார்த்தீர்களா, எவ்வளவு நூலகம் பேசினாலும் கடைசியில் கூலிக்காரன் கூலிக்காரன்தான், கறுப்பனைத் தலைவராக வைத்துக்கொள்ள மனம் வராது. அடுத்த சனிக்கிழமை வீராசாமி கூட்டத்தைக் கூட்டினார். அலெய்ன் சார் வரவில்லை, விலகல் கடிதம் அனுப்பியிருந்தார், இரண்டே வரி. வீராசாமி நின்றுகொண்டு சொன்னார், சட்டைக் கழுத்து வேர்வையில் நனைந்திருந்தது: "நான் யாரையும் எதுவும் கேட்கல. அவர் ஆசைப்பட்டாருன்னு சிவப்பு போட்டவங்க யாராவது இருந்தா, இப்ப எழுந்து சொல்லுங்க. ஒரே ஒருத்தர் சொன்னாப் போதும். இந்தத் தலைவர் பதவிய நான் அவர்கிட்டயே திருப்பிக் கொடுத்துடறேன்." நான் பேனாவை வைத்துக்கொண்டிருந்தேன். மிஸஸ் போனபார்ட் தன் மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தாள். ஆசிரியர்கள் மேசையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர், "விதி பதினான்கு என்ன சொல்லுது, மிஸ் ஐரிஸ்?" என்றார். நான் எழுந்து நின்றேன். எழுந்து நின்றேன், அதுதான், எழுந்து நிற்கவும் செய்தேன், வாயையும் திறந்தேன், திறந்த வாயால் விதி பதினான்கைப் படித்தேன்: எந்த உறுப்பினரும் தான் அளித்த வாக்கை வெளிப்படுத்துமாறு கேட்கப்படலாகாது. பிறகு உட்கார்ந்து நோட்டில் எழுதினேன்: தலைவரின் கேள்விக்கு யாரும் பதில் அளிக்கவில்லை. அதில் என்ன பொய்? ஐரிஸ் நாகமுத்து என்பது என் பெயர். அதைச் சொல்லிவிட்டு நான் சிவப்புப் போட்டேன் என்றும் சொன்னால் அந்த அறையில் என்ன கேட்டிருக்கும்? நாகமுத்து வீராசாமிக்குப் போட்டாள். போடாமல் என்ன செய்வாள். என்னை நம்பியிருக்கமாட்டார்கள் என்று ஐம்பது வருடமாகச் சொல்லிக்கொள்கிறேன், சொல்லிக்கொள்ளும்போதெல்லாம் அது உண்மையாகவே இருக்கிறது, உண்மையாக இருந்தும் என்னைக் காப்பாற்றுவதில்லை. மூன்று மாதத்தில் பொதுத் தேர்தல். மூன்று இடமும் போயிற்று. வீராசாமி வீட்டுச் சன்னல்களில் கல். அலெய்ன் சார் இரண்டு வருடம் இருந்தார், கடையில் உட்கார்ந்து மாத்திரை எண்ணுவார், கட்சி என்ற சொல்லை ஒரு முறைகூட வாயில் எடுக்கவில்லை. ஒரே ஒரு முறை, நான் கணக்குச் சீட்டு நீட்டும்போது, தலை நிமிராமல், "என்னோடு அவ்வளவு பேருக்குக் கசப்பு இருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று, மிஸ் நாகமுத்து" என்றார். அப்போதாவது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த வெள்ளை விதையை அன்று வீட்டு வாசல் சாக்கடையில் எறிந்தேன். அடுத்த மழைக்கு அது முளைத்தது. நீண்ட இலை, சோளம் மாதிரி, வேரோடு பிடுங்கினேன், அடுத்த மழைக்கு மறுபடி வந்தது, இன்றும் வருகிறது, கொதிக்கிற தண்ணீர் ஊற்றிப் பார்த்தாயிற்று, உப்புப் போட்டுப் பார்த்தாயிற்று. சில காலைகளில் அதன் பக்கத்தில் அலெய்ன் சார் நின்றுகொண்டிருப்பார், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, உள்ளே கூப்பிடாமல் வராதவர் அல்லவா, நான் கூப்பிட மாட்டேன், கதவைச் சாத்திக்கொள்வேன். இப்போதும் இருக்கிறார். வீராசாமிக்கு வலது பக்கம் காலியாக இருக்கிற இடத்தில் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார், அதனால்தான் யாரும் அங்கே உட்காரவில்லையோ, தொண்டையைச் செருமுகிறார், பேச்சைத் தொடங்கும் முன் செருமுவது போல. எஞ்சின் சத்தம் மாறிவிட்டது. பெரிய தீவின் எண்ணெய்த் தொட்டிகள் தெரிகின்றன, வெள்ளையாய், வரிசையாய். எவ்வளவு நேரம் ஆயிற்று? பதினைந்து நிமிடம் இருக்கும் இன்னும். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டேன். எழுந்தேன். பையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஆடுகிற தரையில், ஒன்று, இரண்டு, கோழிக்கூடைக்காரி காலை நகர்த்தி வழிவிட்டாள், எட்டடி இல்லை, ஆறுதான். வலது பக்கம் உட்கார முடியவில்லை. இடது பக்கம் போனேன்.

"மிஸ்டர் வீராசாமி, இங்க யாராவது வர்றாங்களா?"

"அம்பது வருஷமா யாரும் வரல. உக்காரு, ஐரிஸ்." பார்வை கடலை விட்டு நகரவில்லை. "பையில என்ன, குழந்தையத் தூக்குற மாதிரி தூக்கிட்டு வர்ற?"

"கூட்டக் குறிப்பு நோட்டு. பல்கலைக்கழகத்துல கேக்கறாங்க."

"அந்தச் சனியன் இன்னும் இருக்கா! என்னைப் பத்தி என்ன எழுதி வெச்சிருக்க?"

"ஆறு சிவப்பு, ஐந்து வெள்ளை."

"நீ எப்பவும் சுருக்கமாத்தான் எழுதுவ."

"அதுல ஒரு சிவப்பு என்னது" என்றேன். சொல்லிவிட்டேன். குரல் என்னுடையதாகவே இல்லை, விதி படிக்கிற குரல். "நீங்க என்கிட்ட எதுவும் கேக்கல. எதுவும் தரேன்னும் சொல்லல. அலெய்ன் சார் மூணு நாலு வேணும்னு ஆசைப்பட்டார். சந்தோஷப்படுவாருன்னு போட்டேன்."

அவர் தாடை எதையோ மெல்வது போல அசைந்தது. "அவர் கேட்டாருன்னு போட்ட" என்றார். "அடுத்த வாரம் நானும்தான் கேட்டேன். நின்னுக்கிட்டுக் கேட்டேன். உன் காதுல விழலையா?"

"விழுந்துச்சு. எழுதியிருக்கேன்."

"எழுதியிருக்க." தலையை மெல்ல ஆட்டினார். கோபமாக இருந்தால் நன்றாக இருந்திருக்கும். "என் பொண்டாட்டி டோரினை உனக்குப் பழக்கம் இல்ல. பெரிய தீவுக்காரி, கல்யாணமாகி வந்து ஆறு வருஷம்தான் நம்ம ஊர்ல இருந்தா. கல் விழுந்ததும் குழந்தையத் தூக்கிக்கிட்டு அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா. நான் போகல. போனா ஒத்துக்கிட்ட மாதிரி ஆகும்ல? ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை இந்தப் படகு. அவளும் நம்பல, ஐரிஸ். சண்டை போடமாட்டா, நம்பமாட்டா. படுத்த படுக்கையில கேட்டா, யார் யாருக்கு என்ன வேலை சொன்ன, சொல்லிடு, கோவிச்சுக்க மாட்டேன்னு. ஒண்ணும் இல்லன்னேன். முகத்தத் திருப்பிக்கிட்டா. தினமும் கேட்டா. தினமும் ஒண்ணும் இல்லன்னேன். ஒரு நாள் காலையில, பால் ஆறிக்கிட்டு இருந்துச்சு, சரின்னு சொன்னேன். நாலு பேரு, ஆளுக்கு ஒரு வேலைன்னேன். பேரும் சொன்னேன். உன் பேரையும்தான்."

என் பெயரை. செத்துப்போன ஒரு பெண்ணின் காதில் என் பெயர் பதினைந்து, இருபது வருடமாக, விலைபோனவள் என்று கிடந்திருக்கிறது, நான் வாசலில் புல் பிடுங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். கத்த வேண்டும் போல இருந்தது. எந்த உரிமையில் கத்துவது என்று தெரியவில்லை.

"என் கையப் பிடிச்சுக்கிட்டா. இவ்வளவுதானான்னு சிரிச்சா. மூணு நாள் நல்லாச் சாப்பிட்டா" என்றார். "செய்யாததுக்கு மன்னிப்பு கிடைக்கல. அதனால செஞ்சுட்டேன்னு சொல்லி வாங்கிக்கிட்டேன். மேவிஸ் கதவுகிட்ட நின்னுக்கிட்டு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தா. என் மக. அன்னையிலேருந்து அதப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல. கூட்டிட்டுப் போறா, டாக்டர்கிட்ட காட்டுறா, சோறு போடுறா. என் முகத்தப் பாக்கமாட்டா. இப்ப நான் போய் உன் அம்மாகிட்ட சொன்னது பொய்யின்னு சொன்னா, எந்தப் பொய்ய நம்புவா, சொல்லு?"

படகு பக்கவாட்டில் கரையை உரசியது. எல்லோரும் எழுந்தார்கள், கோழிகள் சத்தம் போட்டன, டொமினோக் கட்டைகளை டப்பாவில் கொட்டினார்கள். அவர் எழவில்லை. "மஞ்சக் கவுன் போட்டிருப்பா, விளக்குக் கம்பத்துக்கிட்ட" என்றார். "எனக்கு இந்தப் பலகையில இறங்க அஞ்சு நிமிஷம் ஆகும். நீ முன்னால போ."

விலைபோனவர்களில் ஒருத்தி போய், நாங்கள் விலைபோகவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள். நான் பலகையில் இறங்கினேன். வெயில் கல்லில் பட்டுக் கண்ணைக் குத்தியது. மஞ்சள் கவுன், ஐம்பத்தைந்து வயதுப் பெண், கையில் கார்ச் சாவி, என்னைத் தாண்டிப் படகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய நெற்றி அவளுக்கு. "மேவிஸ்" என்றேன். பார்வையைத் திருப்பினாள். "நான் ஐரிஸ் நாகமுத்து. உன் அப்பாவோட கட்சியில இருந்தேன். அவர் எங்க யாருக்கும் எதுவும் வாங்கித் தரல. நான் சொல்றேன்."

அவள் என்னைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தாள். பல வருடமாகப் பேர் மட்டும் கேட்டு வைத்திருந்த ஒரு பொருளை நேரில் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"சொல்லுங்க ஆன்ட்டி" என்றாள். "அப்பா வாங்கிக் கொடுத்த அந்தத் துறைமுகக் கிரேன் வேலையில உங்க தம்பி எத்தனை வருஷம் இருந்தார்?"

பின்னால் பலகையில் அவருடைய செருப்பு ஒவ்வொன்றாக ஊன்றுகிற சத்தம் கேட்டது.

"எனக்குத் தம்பியே கிடையாது, மேவிஸ்" என்றேன்.